சாக்லேட் முதலாளியும் காலணா தீர்ப்பும்

முதலாளிகளின் பக்தியை அளக்க நம் ஆபீஸ்களில் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. ஆயுத பூஜை! பொரி கடலையோடு ஸ்வீட் பாக்ஸும் வந்தால், ''பெரியவருக்கு ரொம்ப தெய்வபக்தி சார்!'' வெறும் பொரி மட்டும் என்றால், ''எல்லாம் வேஷம்யா!''

இந்த அளவுகோலில் அடங்காத ஒரு முதலாளியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜார்ஜ் காட்பரி. ஆமாம் சார், காதலிக்குக் கொடுத்துவிட்டு அவள் தம்பியால் தின்னப்படுகிறதே, அதே காட்பரிதான்.

1839-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 'குவேக்கர்' என்ற கிறிஸ்துவப் பிரிவு. கூடி உட்கார்ந்து மௌனமாக இருப்பதுதான் இவர்கள் பிரார்த்தனை. யுத்தம் ஆகாது. குடியும் ஆகாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து சர்ச்சில் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் கிடையாது. எனவே பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். ஜார்ஜின் அப்பா 1824-ல் கடை திறந்து டீ, காபி, கோகோ விற்றார். ஜனங்கள் சாராயத்தை விட்டு இதைக் குடிக்கட்டுமே என்ற நல்லெண்ணம்!

1861-ல் 21 வயது ஜார்ஜும் 25 வயது அண்ணன் ரிச்சர்டும் பொறுப்பேற்றபோது கம்பெனி படுத்துக் கிடந்தது. அம்மா சொத்தில் வந்த பணத்திலிருந்து ஆளுக்கு 4,000 பவுண்டு போட்டார்கள். அதுவும் கரைந்தது. இழுத்து மூடிவிட்டு இமயமலைப் பக்கம் டீ எஸ்டேட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஜார்ஜுக்கு யோசனை.

போகவில்லை. 1866-ல் ஹாலந்துக்குப் போனார். டச்சு பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு டிக்‌ஷனரி, மிச்சத்துக்குக் கை ஜாடை. கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் மெஷினை வாங்கி வந்துவிட்டார். அதுவரை அந்தக் கொழுப்பை மறைக்க மாவு கீவு கலப்பார்கள். இனி கலப்படம் தேவையில்லை. 'சுத்தம்' என்பதையே விளம்பரமாக்கினார்கள். கல்லா நிறைந்தது.

கடன்காரன் கடவுளைக் கும்பிடுவதில் ஆச்சரியமில்லை. காசு வந்த பிறகுதான் பரீட்சையே. 1879-ல் ஃபாக்டரியைப் புகையும் நெரிசலும் இல்லாத போர்ன்வில்லுக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை அரைநாள் லீவு கொடுத்தார்கள். ஜார்ஜ் 120 ஏக்கர் வாங்கி, 1895-ல் தோட்டத்தோடு வீடுகள் கட்ட ஆரம்பித்தார். தன் ஆட்களுக்கு மட்டுமில்லை, மற்றவர்களுக்கும். 1900-ல் 313 வீடுகள் இருந்த அந்தக் கிராமத்தைத் தன் பிள்ளைகள் பேரில் எழுதாமல் ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். இதற்கு நடுவே, சுமார் ஐம்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தொழிலாளர்களுக்கு எழுத்தும் பைபிளும் சொல்லிக் கொடுத்தார். முதலாளிக்கு ஞாயிறு லீவு இல்லை!

நல்லவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. நம்மையும் நல்லவர்களாக்காமல் விடமாட்டார்கள். குடியிருப்பவர்களுக்கு ஆரோக்கிய யோசனைகள் அச்சடித்துத் தந்தார்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். படுக்கையறையில் டபுள் காட் வேண்டாம், இரண்டு சிங்கிள் கட்டில் போதும். (புதுசாகக் கல்யாணமானவர்கள் என்ன சொன்னார்களோ!) ஊருக்குள் மதுக்கடையும் கூடாது.

இதுவரை சொன்னது வரவுப் பக்கம். இனி பற்றுப் பக்கம்.

கம்பெனி வாங்கிய கோகோ கொட்டையில் பெரும் பங்கு, போர்ச்சுக்கீசியர் வசமிருந்த சாவோ டோமே தீவுகளிலிருந்து வந்தது. அங்கே தோட்டங்களில் வேலை செய்பவர்கள் நடைமுறையில் அடிமைகள் என்று 1901-லேயே தகவல் வந்தது. காட்பரி குடும்பம் விசாரித்தது, ஆள் அனுப்பியது, போர்ச்சுகலோடு பேசியது. ''வாங்குவதை நிறுத்தினால் நம் பேச்சை யார் கேட்பார்கள்?'' என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் கொள்முதலை நிறுத்தியது 1909-ல்! எட்டு வருஷம் அந்தக் கொட்டை வந்துகொண்டேயிருந்தது.

'ஸ்டாண்டர்ட்' என்ற பத்திரிகை 1908-ல் இதைக் குத்திக்காட்ட, கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்பு: காட்பரிக்கே வெற்றி. நஷ்டஈடு? ஒரு ஃபார்திங். ஒரு பென்னியில் கால் பங்கு. நம்மூர்க் கணக்கில் காலணா என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஜெயித்தீர்கள், ஆனால் உங்கள் மானத்துக்கு இவ்வளவுதான் விலை' என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அதற்காக மனுஷர் வேஷதாரி என்று நான் சொல்லமாட்டேன். அரைநாள் லீவும் நிஜம், வீடுகளும் நிஜம், ஞாயிறு வகுப்பும் நிஜம். கண்ணெதிரே இருந்த தொழிலாளியின் கஷ்டம் அவருக்கு உடனே தெரிந்தது. கடல் தாண்டி இருந்தவனுடையது உறைக்க எட்டு வருஷம் ஆயிற்று. பி.காம்.காரன் புத்தி, எனக்குத் தோன்றுவது இதுதான்: முதலாளியின் பக்தியைத் தெரிந்துகொள்ள பூஜை ரூமைப் பார்க்க வேண்டாம். சம்பளப் பட்டியலைப் பாருங்கள். பிறகு பர்ச்சேஸ் லெட்ஜரையும் புரட்டுங்கள்.

ஜார்ஜ் 1922-ல் காலமானார். அந்தக் குடும்பக் கம்பெனியை 2010-ல் அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கிவிட்டது. போர்ன்வில் டிரஸ்ட் மட்டும் இன்றும் வீடுகளைப் பராமரித்துக்கொண்டிருக்கிறது. வைத்துக்கொண்டது கைமாறிப் போயிற்று, கொடுத்துவிட்டது நின்றது. எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் இந்த என்ட்ரியை எப்படிப் போடுவது என்று சொல்லித்தரவில்லை சார்!