அகத்தியமலை யாருடைய விடுமுறைத் தலம்?

நெய்யாற்றின்கரைக்குப் பெயர் தந்த ஆறு அகத்தியமலையில் பிறக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் போனக்காடு வழியாக மலையேற்றப் பருவம் தொடங்குகிறது. பாறசாலை வட்டாரத்து இளைஞர்களும் செல்கின்றனர். தொலைதூர நகரங்களிலிருந்தும் வருகின்றனர்.

வருவோருக்கு வனத்துறை ஒழுங்குவிதிகளைச் சொல்கிறது: பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது. இவை தேவையே, மீறுவோர் மீது பரிவு காட்ட வேண்டியதில்லை. ஆனால் காட்டையே வீடாகக் கொண்ட காணி மக்களைப் பற்றி அந்த விதிகள் என்ன சொல்கின்றன? பயணியின் கண்ணில் காணி ஒரு வழிகாட்டி, சுமை தூக்குபவர், அவ்வளவே.

1987இல் இம்மலைக்கு வந்த ஆய்வாளர்கள், உடன் வந்த காணி வழிகாட்டிகள் ஒரு காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உரிமம் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. உலகமே முன்மாதிரி என்று பாராட்டியது. அறிவுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட சமூகம், அவர்களது நிலத்தில் நடப்பதற்கு அவர்களைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறது.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களுக்கும் மலைவழியைத் திறந்தது. அது சரியான தீர்ப்பு. பாலின விலக்கை ஜனநாயக இயக்கம் எந்த மரபின் பெயராலும் ஏற்காது. காணி மக்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் ஏறியவர்களைத் தடுக்கவில்லை. கருத்து வேறுபாட்டிலும் அவர்கள் காட்டிய இந்தக் கண்ணியத்தில் பாதியையாவது, ஒலிபெருக்கியைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நுழையும் கூட்டம் கற்றுக்கொள்ளட்டும்.

அதே ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடைத் தீயின் போக்கை அறிந்த உள்ளூர் மக்களின் சொல்லுக்கு அனுமதிச் சீட்டில் இடமில்லை.

2006இன் வன உரிமைச் சட்டம் காட்டையும் அதன் உயிர்வளத்தையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்துள்ளது. எந்தப் பாதை, எந்த மாதம், எத்தனை பேர் என்பதை காணிக் குடியிருப்புகளின் கிராம சபை தீர்மானிக்கட்டும். வழிகாட்டிக்கு நியாயமான நாட்கூலியும் விபத்துக் காப்பீடும் கட்டாயமாகட்டும். எல்லைக் கிராமக் கிளைகள் அடுத்த பருவம் தொடங்குமுன் இக்கோரிக்கைகளோடு வனத்துறை அலுவலகங்களின் வாசலுக்குச் செல்ல வேண்டும்.