வேலை கேட்பவனுக்குச் சட்டம் உண்டா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் தெருவிலும் குயின் தெருவிலும், கடை வாசல்களில் "ஆள் தேவை" என்ற அட்டை தொங்குவதைத் தோழர்கள் கண்டிருப்பீர்கள். சில அட்டைகளில் அடியில் இன்னொரு வரியும் இருக்கும்: பெண்கள் மட்டும், மணமாகாதவர், வயது 30-க்குள். பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களிலோ "மாண்டரின் பேசத் தெரிந்தவர்" என்று போடுகிறார்கள். லாரி ஓட்டுவதற்கும் கணக்கெழுதுவதற்கும் மாண்டரின் எதற்கு என்று கேட்பாரில்லை. செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து கடல் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த ஒரு வரியைப் படித்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். அயலான் அப்படிப் போட்டால் இனத்துவேஷம் என்கிறோம். நம்மவர் போட்டால் வியாபார வழக்கம் என்கிறோம். இந்த இரட்டை நாக்கு நமக்கு வேண்டாம்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு என்று சர்க்கார் சொல்கிறது. திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதில் 69-எஃப் என்று ஒரு பிரிவு. வேலையில் பாரபட்சம் பற்றித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் தொழிலிலாகாத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். மீறிக்கொண்டேயிருந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் எழுத்தெண்ணிப் படியுங்கள். அந்த அபராதம் பாரபட்சம் காட்டியதற்கல்ல, உத்தரவைக் கேளாததற்கு. பாரபட்சம் என்றால் என்ன என்று சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இனமா, மதமா, மொழியா, கர்ப்பமா, வயதா? பட்டியலே கிடையாது. விசாரிக்கும் அதிகாரி எதை ஏற்கிறாரோ அதுவே பாரபட்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, "தொழிலாளிக்கும் முதலாளிக்கும்" என்கிறது அந்தப் பிரிவு. அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிய பெண் யாருக்குத் தொழிலாளி? அவளுக்குத்தான் வேலையே கிடைக்கவில்லையே! 2018-இல் மனிதவள அமைச்சு கருத்துக் கேட்ட யோசனைகளில் வேலை தேடுவோரும் இருந்தார்கள். 2022-இல் நிறைவேறிய சட்டத்தில் அவர்களைக் காணோம். கதவுக்கு உள்ளே காவல் போட்டுவிட்டு வாசலைத் திறந்த காடாக விட்டிருக்கிறார்கள்.

அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறதே என்பார்கள். 2001-இல் பால் பேதமும் கூடாது என்று அதில் சேர்த்தார்கள். மெய்தான். ஆனால் 1991-இல் கர்ப்பமானதற்காக வேலை இழந்த மலேசிய விமான நிறுவனப் பணிப்பெண் ஒருவரின் வழக்கு 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. அரசியலமைப்பு சர்க்காரைத்தான் கட்டுப்படுத்தும், தனி முதலாளியையும் தொழிலாளியையும் பற்றிய காரியத்தில் அது தலையிடாது என்று தீர்ப்பாயிற்று. கர்ப்பமானால் விலக வேண்டும் என்ற அந்த விதி எங்கே இருந்தது தெரியுமா? கூட்டு ஒப்பந்தத்தில்! தொழிற்சங்கம் கையெழுத்திட்ட காகிதத்தில்! கையெழுத்துப் போடும் சங்கத் தலைவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும். 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில், கர்ப்பிணி என்பதற்காகத் தற்காலிக ஆசிரியை வேலை மறுக்கப்பட்ட பெண் ஜெயித்தார். அங்கே எதிராளி சர்க்கார். முதலாளி தனியாராக இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கதி வேறு. 153-ஆவது பிரிவின் ஒதுக்கீடு வேறு விவாதம். அது அரசுப் பதவி, உபகாரச் சம்பளம், லைசென்ஸ் பற்றியது, தனியார் கடை அட்டைக்கு அது சாக்காகாது.

பேதம் நமக்குப் புதிதா? 1920-களில் வெள்ளைக்காரர் காலத்துச் சட்டமே இந்தியத் தோட்டத் தொழிலாளிக்குக் கூலி நிர்ணயித்தது: ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அவள் வெட்டிய மரமும் பால்மரம்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கூடவே, துரைக்கும் ஆபீஸ்காரருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டார்கள். (கிராணித் தோழர்கள் கோபிக்க வேண்டாம், வரலாறு அப்படி.) பட்டாளம் வந்து சுட்டது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, ஆண் பெண் பேதமில்லை. அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

தோட்டத்துக்குள்ளும் பார்ப்போம். நல்ல நிரை யாருக்கு, கிழட்டு மரங்கள் யாருக்கு என்பதில் உறவும் சலுகையும் புகுவதைப் பால்வெட்டுகிறவன் அறிவான். இங்கே 69-எஃப் பாயும், ஏனெனில் அவன் தொழிலாளி. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் கேட்கலாமென்றால், 1967-ஆம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத்தின் 13(3) குறுக்கே நிற்கிறது. வேலைப் பங்கீடு, பதவி உயர்வு முதலியவை முதலாளியின் உரிமை என்கிறது அது. 2021-இல் அமலான திருத்தம் பொதுப்படையாகக் கேள்வி எழுப்ப வழி விட்டது. காலி இடத்துக்கு யாரை எடுப்பது என்பது மட்டும் முதலாளி பிடியிலேயே இருக்கிறது. வாசல் மறுபடியும் மூடியே கிடக்கிறது.

அக்கரைச் சிங்கப்பூர் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வயது, இனம், மதம், மொழி, கர்ப்பம் என்று பட்டியல் போட்டது. ஆள் எடுப்பதையும் சேர்த்தது. ஆனால் 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு. இதே விலக்கோடு இங்கே வந்தால் லிட்டில் இந்தியாவின் சின்னக் கடைகள் பலவும் தப்பிவிடும். ஆகவே நாம் கேட்கும்போதே தெளிவாகக் கேட்க வேண்டும்: வேலை தேடுவோரும் சட்டத்துக்குள் வரவேண்டும், பேதங்களின் பட்டியல் எழுத்தில் இருக்கவேண்டும், சின்ன முதலாளிக்கு விலக்கு கூடாது.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். புகாருக்குச் சாட்சி காகிதம். விளம்பர அட்டையைப் படம் பிடியுங்கள், தேதி எழுதி வையுங்கள். நிரை மாற்றிய நாள், பேர் வழி செக்ரோல் விவரம், கொடுத்த கடிதம், வராத பதில், எல்லாவற்றையும் கிளைச் செயலாளரிடம் சேருங்கள். கிராணித் தோழர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஒத்தாசை செய்யட்டும். அந்த அட்டையைத் தட்டெழுதச் சொன்னால், கடைசி வரி எதற்கு என்று முதலாளியிடம் ஒரு கேள்வியாவது கேட்கட்டும்.