வசனம் கேட்கிறதா?

நம் வீடுகளில் தமிழ்ப்படம் ஓடும்போது நடக்கும் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? திரையில் இருப்பவர் தமிழில்தான் பேசுகிறார். பார்ப்பவர்களும் தமிழர்கள்தான். ஆனால், எல்லார் கண்ணும் அடியில் ஓடும் மலாய் வரிகள் மேலேயே இருக்கும். தமிழ் புரியாததால் அல்ல, வசனம் காதில் விழாததால். வீட்டில் ஒருவர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். பேச்சு வந்தால் ஒலியைக் கூட்டுவார். சண்டை வந்ததும் பதறிப்போய்க் குறைப்பார்.

இந்தத் தொல்லைக்கு ஒரு பெட்டி தீர்வு தருமா? ஸ்கூடாயில் இரட்டை மாடி வரிசை வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், நாள்தோறும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மாரன்ட்ஸ் ஏவி 10 என்ற சரவுண்ட் சவுண்ட் பிராசசரை வாங்கியிருக்கிறார். கேட்டுப் பார்க்க அழைத்தார். பின்னால் ஹெலிகாப்டர் பறக்கிறதா என்பதைவிட, முன்னால் பேசுவது கேட்கிறதா என்று பார்க்கத்தான் நான் போனேன்.

முதலில், இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். கடைகளில் நாம் அதிகம் பார்ப்பது ஏவி ரிசீவர். ஒலியைப் பிரித்து அனுப்பும் மூளையும், ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரும் அதில் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பிராசசரில் மூளை மட்டும்தான். ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வாங்க வேண்டும். 2022-இல் அறிவிக்கப்பட்ட இந்த ஏவி 10, 15 ஸ்பீக்கர்களுக்கும் 4 சப்வூஃபர்களுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பக்கூடியது. அமெரிக்காவில் 7,000 டாலர் விலையில் வந்தது. நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலைக்கும் மேலே போகிறது. நண்பர் இப்போதைக்கு முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கூரையில் நான்கு, ஒரு சப்வூஃபர் என்று பொருத்தியிருக்கிறார்.

என்னைக் கவர்ந்தது படம் போடுவதற்கு முன் நடந்த வேலை. சிறிய மைக் ஒன்றை சோபாவைச் சுற்றி எட்டு இடங்களில் மாற்றி மாற்றி வைத்தோம். ஒவ்வொரு முறையும் எல்லா ஸ்பீக்கர்களும் வரிசையாக ஒரு சீழ்க்கை ஒலியை எழுப்புகின்றன. அதைக் கேட்டு, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எது சத்தமாக ஒலிக்கிறது, அறை எந்த ஒலியை வீங்க வைக்கிறது என்று பிராசசர் கணக்கிடுகிறது. ஒலி 1 மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். அருகில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியை அந்தக் கணக்குப்படி சற்றே தாமதப்படுத்தினால், எல்லாம் ஒன்றாகக் காதுக்கு வந்து சேரும். அளவெடுத்து முடியும்வரை விசிறி, ஏர்கோன் இரண்டும் நிறுத்தப்பட்டிருந்தன. ஜொகூர் பகல் வெயிலில் நாங்கள் வியர்த்து நனைந்தது தனிக் கதை.

படம் ஓடியது. நண்பரின் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர். மகன் மலாய் வரிகளை நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரப் படத்தில் பெரியவர் இரண்டே இடங்களில்தான் “என்னா சொன்னான்?” என்று கேட்டார். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். கூரையிலிருந்து மழை பொழிந்ததும் அருமையாகத்தான் இருந்தது. ஆனால், அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் இந்தப் பெட்டியின் முதல் வெற்றியாக எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் வசனம் ஏன் தொலைகிறது? படத்தின் ஒலி திரையரங்கை மனத்தில் வைத்துக் கலக்கப்படுகிறது. அங்கே ஒரு சேனலின் உச்ச ஒலி 105 டெசிபல் வரை போகலாம். மெல்லப் பேசும் காட்சிக்கும் வெடிக்கும் காட்சிக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வரிசை வீட்டில் அந்த அளவுக்கு யார் வைக்க முடியும்? வெடிச் சத்தத்துக்குப் பயந்து குறைத்தால், பேச்சு விசிறிச் சத்தத்துக்கு அடியில் போய்விடுகிறது. வானொலியில் நிலைமை வேறு. நான் பேசும்போது பின்னணிப் பாட்டு தாழும். குரலின் ஏற்ற இறக்கமும் ஓர் அளவுக்குள் கட்டப்படும். காரில் போகிறவருக்கும் சமையலறையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும் என்பதே காரணம்.

காதின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள். மெய்யெழுத்துகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. அது மங்கினால் பட்டு, பத்து, பற்று மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. “காது நல்லாத்தான் கேக்குது, இவனுங்கதான் வாய்க்குள்ள பேசுறானுங்க” என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மறுபாதிக்கு ஒரு முறை காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சரவுண்ட் ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை மட்டும் தனியாக உயர்த்தலாம், பேச்சின் தெளிவைக் கூட்டலாம், வெடிச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் உள்ள பள்ளத்தைக் குறைக்கலாம். நண்பர் வீட்டில் பெரியவருக்கு உதவியது இந்த மூன்றும்தான். இவற்றில் எதுவும் 7,000 டாலர் பெட்டிக்கு மட்டுமே உரிய வித்தை அல்ல. சாதாரண ரிசீவர்கள் பலவற்றிலும், சவுண்ட்பார்களிலும்கூட ஏதோ ஒரு வடிவில் இவை உண்டு.

டால்பி என்ற பெயரைப் படத்தின் தொடக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த ரே டால்பி 1960-களின் முற்பாதியில் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர். 1965-இல் லண்டனில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் கருவி சத்தத்தைக் கூட்டுவதற்கானதல்ல. ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைப்பதற்கானது. 2012-இல் டால்பி அட்மாஸ் திரையரங்குக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ அந்த ஒலியோடு வெளியானது. தலைக்கு மேல் ஒலி வந்ததை எல்லாரும் பேசினார்கள். இரைச்சல் விலகிச் சொல் தெளிவதுதான் வீட்டில் நமக்கு அதைவிடப் பெரிய வரவு.

இந்தப் பெட்டியால் முடியாததும் இருக்கிறது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடிக் கதவு என்று இருக்கும் நம் வரவேற்பறையில் கைதட்டினால் எதிரொலி கேட்கும். எந்தப் பிராசசரும் அந்த எதிரொலியை முழுதாக அகற்றாது. சப்வூஃபரின் உறுமல் அண்டை வீட்டுச் சுவரைத் தாண்டுவதையும் ஓரளவுதான் அடக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பத்து மணிக்குமேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதே மரியாதை.

ஆகவே, செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்கிறீர்கள் என்றால், ஒலி அமைப்பில் சரவுண்டுக்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரவு ஒலி, வசனத் தெளிவு என்று ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்கள். அடுத்து, சோபாவுக்கு முன்னால் ஒரு கம்பளம் விரியுங்கள். கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை போடுங்கள். நடு ஸ்பீக்கர் இருந்தால், அது அலமாரிக்குள் ஒடுங்காமல் காதை நோக்கி இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் கடைக்குப் போகலாம்.

அங்கே ஹெலிகாப்டரையும் குண்டுவெடிப்பையும் போட்டுக் காட்டுவார்கள். கேட்டு ரசித்துவிட்டு, இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் தமிழ்க் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் வைக்கும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அப்பாவையோ பாட்டியையோ கையோடு அழைத்துப் போயிருந்தால் இன்னும் நல்லது. முடிவை அவர்களிடம் விட்டுவிடலாம்.