தோளில் ஏறும் வாணலி

பிரயாணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நூறு சாமான்கள் நினைவுக்கு வரும். எது வேண்டாம் என்று யோசிப்பவனே சுகமாகப் போய்ச் சேருகிறான். இந்த உண்மையை அமெரிக்க மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ். 1883-ம் வருஷத்தில், அறுபது வயதைத் தாண்டி உடல் நலிந்திருந்த அந்த மனிதர், நியூயார்க் மாகாணத்து அடிராண்டாக் மலைப் பிரதேசத்தில் 266 மைல் தூரம் ஓடத்தில் தனியே யாத்திரை செய்தார். அவருடைய ஓடத்தின் எடை பத்தரை ராத்தல்தான்! ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு அதைத் தாமே தூக்கிக் கொண்டு நடந்தார்.

அத்தகைய யாத்திரைக்காரருக்கு அடுப்பங்கரை என்பதே ஒரு வாணலியும் ஒரு பாத்திரமும்தான். ஆகையால் அந்த ஒரு வாணலியை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. காட்டில் கூடாரமடித்துச் சமைக்கும் அமெரிக்கர்களில் பலர் இன்றைக்கும் பழைய எஃகுத் தகட்டு வாணலியைத் தேடி அலைகிறார்கள். இது வெறும் பழமை மோகமா என்றால், இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

அடிப்பாகம் 20 செண்டிமீட்டர் குறுக்களவும், விளிம்பு 4 செண்டிமீட்டர் உயரமும் உள்ள தட்டையான வாணலி ஒன்றை எடுத்துக் கொள்வோம். கைப்பிடியை நீக்கிவிட்டு, வார்ப்பிரும்பில் 4 மில்லிமீட்டர் கனத்தில் செய்தால் அதன் எடை சுமார் 1,700 கிராம். இக்காலத்தில் விற்கும் சாதாரண எஃகு வாணலிகள் பெரும்பாலும் இரண்டரை மில்லிமீட்டர் கனம் உள்ளவை. அந்தக் கணக்கில் 1,150 கிராம். பழைய நாளில் யந்திரத்தில் அழுத்தி உருவாக்கிய மெல்லிய தகட்டில், அதாவது 1.2 மில்லிமீட்டரில் செய்தால், 550 கிராம்தான் ஆகும். முதுகில் மூட்டை சுமந்து மலையேறுகிறவனுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அலுமினியம் இதைவிட லேசானதாயிற்றே என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் அலுமினியம் 660 டிகிரி உஷ்ணத்தில் உருகிவிடும். நன்றாக ஊதிவிட்ட தணல் அந்த உஷ்ணத்தையும் மிஞ்சக் கூடும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரமோ 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சுக் கெட ஆரம்பிக்கிறது. விறகுத் தீ நம்முடைய கட்டளைக்கு அடங்குவதில்லை. துருப்பிடிக்காத எஃகில், சாதாரண எஃகில் பரவுவதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சூடு பரவும். ஆகையால் ஓரிடத்தில் தீய்ந்து மற்றோரிடத்தில் வேகாமல் நிற்கும். இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது சாதாரண எஃகே நடுநிலையில் நிற்கிறது.

பழைய சாமான் கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலாவதாக, வாணலியைச் சமமான பலகைமீது வைத்து விளிம்பை விரலால் அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது என்று அர்த்தம்; எண்ணெய் ஒரு பக்கமே ஓடும். இரண்டாவதாக, துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலோடு இருக்கும் செந்துரு தேய்த்தால் போய்விடும். குழி விழுந்து அரித்த துருதான் ஆகாது. மூன்றாவதாக, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா, பற்றவைத்த இடம் விண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே கூடான தகட்டுக் கைப்பிடி உத்தமமானது. உலோகம் குறைவாகையால் சூடும் மெதுவாகவே ஏறும். சாம்பல் நிறத்தில் துத்தநாகம் பூசிய பாத்திரமாயின் வேண்டவே வேண்டாம். புளிப்புப் பட்டால் பூச்சுக் கரைந்து உணவில் கலக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கிக் குண்டும் தூண்டில் குண்டும் வீட்டிலேயே வார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் வெகு காலமாக இருந்து வருகிறது. அதற்காகக் காரீயம் உருக்கப் பழைய இரும்புச் சட்டிகளையே உபயோகித்தார்கள். அப்படிப்பட்ட சட்டி கைமாறிக் கைமாறிக் கடைக்கு வந்து சேருவதுண்டு. காரீயம் இவ்வளவு சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். மூலையில் மங்கிய சாம்பல் நிறத் துணுக்குகள் ஒட்டியிருந்து, நகத்தால் கீறினால் வெள்ளி போல் மின்னினால், அந்த வாணலியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாமாகையால், பூர்வோத்தரம் தெரியாத சட்டியில் சந்தேகம் எழுந்தால் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புங்கள். இல்லாவிடில் சுவரில் மாட்டி அழகு பாருங்கள். சில ரூபாய் லாபத்துக்காகக் குழந்தையின் தட்டில் விஷத்தைப் பரிமாறலாகாது.

நல்ல சட்டி அகப்பட்டபின் செய்ய வேண்டியதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிற அதே முறைதான். துருவைத் தேய்த்துக் கழுவி, ஈரமறத் துடைத்து, கையில் ஒட்டாத அளவுக்கு எண்ணெயைத் தடவி, புகை அடங்கும் வரையில் சூடாக்கி ஆறவிட வேண்டும். நாலைந்து தடவை இவ்விதம் செய்தால், எண்ணெய் இறுகிக் கறுத்த மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அந்தத் தோல்தான் துருவையும் தடுக்கிறது, உணவையும் ஒட்டவிடாமல் காக்கிறது. புளியும் தக்காளியும் அதைக் கரைத்துவிடும். காட்டில் இவற்றை வேறு பாத்திரத்தில் வைத்துக் கொள்வது நலம்.

மெல்லிய தகட்டில் கொழுந்து விட்டெரியும் தீ ஆகாது. விறகு எரிந்து தணலானபின், அதைப் பரப்பி, சட்டியை அடிக்கடி திருப்பிக் கொடுத்துச் சமைக்க வேண்டும். காய்ந்த சட்டியில் தண்ணீரைக் கொட்டினால் அடி வளைந்துவிடும். ஆறியபிறகே கழுவ வேண்டும். இந்த இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதையாக இருந்தால், தாத்தா காலத்துச் சட்டி பேரன் காலத்துக்கும் உழைக்கும். வருஷத்துக்கு ஒன்றாகப் பூச்சு உரிந்த பாத்திரங்களைக் குப்பையில் எறிவதை நாகரிகம் என்று எண்ணிக் கொண்டிருக்கும் நமக்கு, அந்த அரை கிலோ எஃகு நல்ல பாடம் கற்பிக்கிறது.