அள்ளி எங்கே போடுவதாம்?

கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளைக் கிரேன் வைத்து அள்ளிவிட்டால் சென்னைத் தெருக்கள் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அள்ளி எங்கே போடுவதாம்? ஏதாவது ஒரு காவல் நிலையத்தின் மதிலோரம் போய்ப் பார்க்கட்டும். வேப்பஞ்சருகு மூடிய பைக், பின்சக்கரம் மண்ணில் புதைந்த ஆட்டோ, கழன்று கிடக்கும் டயரில் மழைத்தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழு. தெருக் குப்பை ஸ்டேஷன் குப்பையாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டத்தில் பல் இல்லை என்ற புலம்பலும் எடுபடாது. பொது இடத்தில் 10 மணி நேரம் கவனிப்பாரின்றி நின்றாலே வண்டியை அப்புறப்படுத்தச் சொல்லலாம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு. வழக்கில் பிடிபட்ட வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே சொல்லிவிட்டது. (யார் காதில் விழுந்தது என்பது வேறு கதை.)

சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் வண்டியை எப்போதோ விற்றிருப்பார்; வாங்கியவர் பெயர் மாற்றியிருக்க மாட்டார். நோட்டீஸ் யாருக்குப் போகும்? நண்பர் கிரேனுக்கு டெண்டர் கேட்பதை விட்டு, ஏலத்துக்குத் தேதி கேட்கட்டும்.