அம்மாக்களுக்கு மட்டும் ஏன் டிப்ஸ்?



நம் குழுவில் நேற்றும் ஒரு பதிவு: 'வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குப் பத்து டிப்ஸ்'. ராத்திரியே காய் நறுக்கி வைக்கணுமாம், ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கும் மாவு ஆட்டி வைக்கணுமாம். பத்தில் ஒன்றுகூட அப்பாவுக்கு இல்லை. போட்டவன் என் பழைய மாணவன்தான். டீச்சர் திட்டுகிறார் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண் 97. அதுவும் வேலை செய்கிற ஆணின் கணக்கு. துடைப்பத்தையே தொடாதவன் இந்தச் சராசரியில் வரவே இல்லை!

நம் புதுக்கோட்டையில் அம்மாக்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது சைக்கிள். 1991 வாக்கில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். அன்றைக்கும் ஆம்பிளைகள் கேலி பேசினார்கள்.

பிறகு 2011-இல் மிக்சி, கிரைண்டர். 2021-இல் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம். 2022-இல் பள்ளியில் காலை உணவு. இதையெல்லாம் 'ஓசி' என்று இதே குழுவில் நக்கலடித்தீர்கள். அம்மியில் அரைத்துக் காய்த்த கை உங்களுடையதா?

அடுத்த டிப்ஸ் போடுமுன், இன்று உங்கள் வீட்டில் பிள்ளையின் டிபன் டப்பாவைக் கழுவியது யார் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். பெயர் மட்டும் போதும்.