ஒயினுக்கும் சொந்த ஊர் உண்டு

இத்தாலி ஒயின் என்றால் 'சிவப்பா, வெள்ளையா?' என்றுதான் கேட்கிறோம். கேட்க வேண்டியது 'எந்த ஊர்?'

பீட்மாண்ட் மலைச்சரிவில் நெபியோலோ திராட்சை மட்டும் போட்டுச் செய்வது பரோலோ. குறைந்தது 38 மாதம் பதப்பட்டால்தான் கடைக்கு வரலாம். இளசாகத் திறந்தால் கட்டஞ்சாயா மாதிரி துவர்க்கும். டஸ்கனியின் கியாந்திக்குப் புளிப்பு தூக்கல். தக்காளிச் சமையலுக்கு நல்ல ஜோடி. சிசிலியில் எட்னா எரிமலை மண்ணில் விளைவது இன்னொரு ரகம்.

ஆனால் என் ஓட்டு டஸ்கனிக் கடலோரத்து போல்கெரிக்கே. அங்கே பிரெஞ்சு கபர்னே கொடிகளை நட்டு எடுத்தது சஸ்ஸிகாயா. 1968 விளைச்சல்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. அந்த ஊர்ச் சிவப்பு ஒயினுக்கு அப்போது சட்டத்தில் இடமே இல்லை. விலை எகிறியும், 'மேஜை ஒயின்' என்ற கடைசி வரிசையிலேயே விற்றார்கள். 1994-ல்தான் இடம் கிடைத்தது. 2013-ல் தனக்கென்றே தனிப் பிரிவு.

பாரம்பரியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரோலோவின் பெருமையே அதுதான். ஆனால் வங்கியில் விதிமுறைகளோடு குப்பை கொட்டும் நானே சொல்கிறேன்: வேர் பிடித்து நன்றாகக் காய்த்த கொடியை எத்தனை காலம் வெளியூர்க் கொடி என்பது?

புனேயில் பிறந்த நம் பிள்ளைகள் 'சொந்த ஊர் புனே' என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், மக்களே. போல்கெரியை நினைத்துக்கொள்ளுங்கள்.